பசு வெண்ணெய் மஞ்சள், எருமை வெண்ணெய் வெள்ளை... காரணம் என்ன?

பசு வெண்ணெய் லேசாக மஞ்சளடிக்கும். எருமை வெண்ணெய் வெள்ளை வெளேர்னு இருக்கும். ரெண்டும் மேயுறது ஒரே புல்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பச்சைப்புல்லில் பீட்டா கரோட்டின் என்ற நிறமி இருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தருவதும் இதுதான். குடல் சுவரில் உள்ள என்சைம் இதை வைட்டமின் ஏ-வாக மாற்றுகிறது. எருமை கிட்டத்தட்ட முழுவதையும் மாற்றிவிடும். பசு கொஞ்சத்தை மாற்றாமலே பால் கொழுப்பில் விட்டுவிடும். அந்த மஞ்சள்தான் வெண்ணெயில் தெரிகிறது. வெள்ளையாக இருப்பதால் எருமைப் பாலில் வைட்டமின் ஏ இல்லை என்று நினைத்தால் தப்பு.

உடலுக்குள் எப்படிப் போகிறது?

ஏ, டி, இ, கே ஆகிய 4 வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவை. பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு உடைப்பது போல, கல்லீரல் சுரக்கும் பித்தநீர் கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைக்கும். அதோடு சேர்ந்து இந்த வைட்டமின்களும் சிறுகுடல் செல்களுக்குள் நுழையும். பாலூட்டிகளில் இவை நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிப் போய்த்தான் கலக்கும். செலவானது போக மிச்சத்தில் பெரும்பங்கு கல்லீரலிலும் கொழுப்பிலும் தங்கும். வைட்டமின் ஏ-வுக்கு முக்கியமான குடோன் கல்லீரல்தான்.

வைக்கோல் மட்டும் போட்டால்?

வெயிலில் காய்ந்த வைக்கோலில் கரோட்டின் பேருக்குத்தான் இருக்கும். வறட்சியில் மாதக்கணக்கில் வெறும் வைக்கோல் என்றால், கல்லீரல் இருப்பு மெல்லக் கரையும். மாலைக்கண் வரும். இருட்டியதும் மாடு தடுமாறி எதிலாவது முட்டிக்கொள்ளும். சினை மாடாக இருந்தால் கன்று பலவீனமாகவோ, பார்வையில்லாமலோ பிறக்கலாம்.

நல்லா மேய்ந்த மாட்டின் கன்றுக்கும் பிறக்கும்போது வைட்டமின் ஏ இருப்பு ரொம்பக் குறைவு. நஞ்சுக்கொடி வழியே அது அதிகம் போகாது. சீம்பால்தான் முதல் சப்ளை. சீம்பாலின் அடர் மஞ்சளுக்கும் கரோட்டின்தான் காரணம். வீட்டுக்கு சீம்பால் காய்ச்சுறதுல தப்பில்லை, ஆனா கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு!

மாட்டுக்கு சரி, பூனைக்கு?

பூனைக்கு கேரட் கொடுத்தால் வேஸ்ட். கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றும் திறன் அதற்கு அநேகமாக இல்லை. இறைச்சி, மீன், முட்டையில் இருந்து ரெடிமேடாகக் கிடைக்க வேண்டும். அதற்காக தினமும் ஈரலாகவே போட்டாலும் ஆபத்து. மிஞ்சியது சிறுநீரில் சுலபமாக வெளியேறாது. சேர்ந்துகொண்டே போனால் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். தலையைத் திருப்பி தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யக்கூட அந்தப் பூனையால் முடியாது.