நெஞ்சுல ஒட்டின உப்புத்தண்ணி வாளி

போன மாசம் தாத்தாவுக்கு ஆபரேஷன், ரெண்டு ராத்திரி ஐசியூ. வார்டுக்கு வந்ததும் நெஞ்சுல ஒட்டியிருந்த ஈசிஜி ஸ்டிக்கரை எல்லாம் சிஸ்டர் சரக்குன்னு உரிச்சாங்க. எண்பது தாண்டின தோல், ஒரு இடத்துல அதுவும் சேர்ந்தே வந்துடுச்சு. "வெறும் ஒயரை வெச்சு அழுத்தினா போதாதாடா? எதுக்கு இந்தக் கோந்து?"ன்னு கேட்டார். பொட்டி தட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? இருந்தாலும் தேடினேன்.

1887-ல் லண்டன்ல அகஸ்டஸ் வாலர், மனுச இதயத்தோட மின்துடிப்பை உடம்பைக் கிழிக்காமலே பதிஞ்சு காட்டினார். தன்னோட புல்டாக் ஜிம்மியை உப்புத்தண்ணியில கால் வைக்கச் சொல்லியும் செய்முறை காட்டுவார். நாயை வதைக்கிறாங்கன்னு 1909-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல கேள்வியே வந்துச்சு!

அடுத்து ஹாலந்துல லைடன் நகரம். வில்லெம் ஐந்தோவன் 1900-களோட தொடக்கத்துல செஞ்ச ஈசிஜி மிஷின் சுமார் 270 கிலோ, இயக்க அஞ்சு பேர். நோயாளி ரெண்டு கையையும் இடது காலையும் உப்புத்தண்ணியில முக்கிட்டு உட்காரணும். இதுக்காக 1924-ல் நோபல் கிடைச்சது.

எதுக்கு வாளி? ஒயர்ல ஓடுறது எலெக்ட்ரான், உடம்புக்குள்ள ஓடுறது அயனி. நடுவுல செத்துக் காஞ்ச மேல்தோல். இதயத்துலேர்ந்து தோலுக்கு வந்து சேர்றதே ஒரு மில்லிவோல்ட் சுமாருக்குத்தான். உப்புத்தண்ணி தோலை ஊறவெச்சு அயனிக்கு வழி விடுது. தாத்தா சொன்ன மாதிரி வெறும் ஒயர் வெச்சா பெரும்பாலும் இரைச்சல்தான் மிஞ்சும்.

அப்புறம் உலோகத் தகடு, உப்புப் பசை, ரப்பர் பட்டைன்னு வந்துச்சு. பசை வழியும், காயும். ராத்திரி பூரா மானிட்டர்ல பார்க்கணும்னா ஆகாது. ஈரமா இருக்கறது ஒட்டாது, ஒட்டுறது மின்சாரம் கடத்தாது. இதான் சிக்கல்.

முடிச்சு அவிழ ஆரம்பிச்சது ப்ராக் நகரத்துல. 1960-ல் ஓட்டோ விக்டர்லேயும் த்ரஹோஸ்லாவ் லீமும், தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கற பாலிமர் வலையை உடம்புக்குப் பயன்படுத்தலாம்னு 'நேச்சர்'ல எழுதினாங்க. அதுதான் ஹைட்ரோஜெல். மறு வருஷ கிறிஸ்துமஸ்ல பையனோட விளையாட்டு செட், சைக்கிள் டைனமோ எல்லாம் வெச்சு விக்டர்லே வீட்டுலயே மென்மையான காண்டாக்ட் லென்ஸ் வார்த்தார். (நாம வீட்டுல ஃபேன் ரெகுலேட்டரைக்கூட மாத்துறதில்ல :) ) அந்த வலைக்குள்ள உப்பும், காயாம இருக்க கிளிசராலும் சேர்த்து, ஒட்டுற ஜெல்லை மத்தவங்க பின்னாடி செஞ்சாங்க. ஆக, ஐந்தோவனோட வாளி இப்போ ஒரு ரூபா நாணயம் அளவு.

ஆனா தாத்தாவோட தோலை உரிச்சது ஜெல் இல்ல. அந்த ஸ்டிக்கர்ல ஜெல் நடுவுல மட்டும்தான். சுத்தி இருந்த ஸ்பாஞ்சு வளையத்தோட கோந்துதான் வில்லன். முழுக்க ஹைட்ரோஜெல்லாலயே ஒட்டுற வகையும் உண்டு, அது தோலை விட்டு லேசா வந்துடும். எதுவா இருந்தாலும் பக்கத்துத் தோலை அழுத்திப் பிடிச்சு, தாழ்வா, மெதுவா உரிக்கணும்.

எல்லாத்தையும் தாத்தாகிட்ட ஒப்பிச்சேன். பிளாஸ்திரியைத் தடவிக்கிட்டே கேட்டுட்டு, "அந்த நாய்க்காவது பார்லிமென்ட்ல கேட்டாங்கடா"ன்னார்.