இணையவழி முதலீட்டு ஆலோசனையின் நம்பகத்தன்மை

இணையவழி முதலீட்டு ஆலோசனை என்பது பங்கு, பரஸ்பர நிதி, கடன் பத்திரம் முதலியவற்றில் எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று யூடியூப், டெலிகிராம், வாட்சப் போன்றவற்றின் வழியாக வழங்கப்படும் பரிந்துரை ஆகும். இந்தியாவில் கட்டணம் பெற்று இத்தகைய ஆலோசனை வழங்குவோர் இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியத்திடம் (செபி) பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவின்றி ஆலோசனை வழங்குவோரும் இணையத்தில் பலர் உள்ளதால், ஒரு பரிந்துரையை நம்பலாமா என்று ஆராயும் சுமை சாதாரண முதலீட்டாளர் மீதே விழுகிறது.

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பு போன்ற, வேளாண்மை சார்ந்த பேரூராட்சிகளில் குடும்பச் சேமிப்பு என்பது பெரும்பாலும் நகை, நிலம், அஞ்சலகக் கணக்கு, சீட்டு ஆகியவையே. சீட்டு நடத்துபவரின் வீடு எது, அவர் யார் மகன் என்பது ஊராருக்குத் தெரியும். அதுவும் ஏமாற்றப்படாமல் இருப்பதற்கு முழு உத்தரவாதம் அன்று. எனினும் நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருந்தது. கைப்பேசித் திரையில் தோன்றும் ஆலோசகரைப் பற்றி இவ்வாறு எதுவும் தெரிவதில்லை.

தேசியப் பங்குச் சந்தையில் பதிவு பெற்ற தனித்த முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2024 ஆகஸ்டில் 10 கோடியைக் கடந்தது. செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்களோ ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே. சிற்றூர் முதலீட்டாளர்கள் யூடியூப்பை நாடுவதற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று கூறுவது பொருந்தாது.

சட்ட நிலை

முதலீட்டு ஆலோசகர்களுக்கான செபி ஒழுங்குமுறைகள் 2013ஆம் ஆண்டிலும், பங்கு ஆய்வாளர்களுக்கானவை 2014ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன. ஆலோசகரின் பதிவெண் "ஐஎன்ஏ" என்றும், ஆய்வாளரின் பதிவெண் "ஐஎன்எச்" என்றும் தொடங்கும். ஆலோசகர் முதலில் வாடிக்கையாளரின் இடர் தாங்கும் திறனை மதிப்பிட வேண்டும். தனக்குள்ள நல முரண்களை வெளிப்படுத்த வேண்டும். குறிப்பிட்ட வருவாயை உறுதியளித்தல் கூடாது.

பரஸ்பர நிதி விநியோகத்தர் வேறு, ஆலோசகர் வேறு. விநியோகத்தர் தரும் "இலவச ஆலோசனை"க்கான கூலி, நிதி நிறுவனம் தரும் தரகாக முதலீட்டாளரின் பணத்திலிருந்தே செல்கிறது. இத்தரகு இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரி முதல் கிடைக்கின்றன.

பதிவு பெறாமல் ஆலோசனை வழங்குவோருடன் தரகு நிறுவனங்கள் உள்ளிட்ட பதிவு பெற்ற அமைப்புகள் தொடர்பு வைத்துக்கொள்வதை 2024ஆம் ஆண்டில் செபி தடை செய்தது.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

திருப்பூரில் 2008–09 காலத்தில் இயங்கிய பாசி போரெக்ஸ் டிரேடிங் நிறுவனம், இணையவழி அந்நியச் செலாவணி வணிகத்தில் ஈடுபடுவதாகக் கூறி ஏறத்தாழ 930 கோடி ரூபாய் வைப்புகளைத் திரட்டியது. கோவை சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் அதன் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதித்தது. நிறுவனம் மூடப்பட்டதற்கும் தீர்ப்புக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன.

சென்னையைச் சேர்ந்த யூடியூப் பேச்சாளர் பி. ஆர். சுந்தர், பதிவின்றி ஆலோசனைச் சேவை வழங்கியதாக எழுந்த வழக்கை 2023 மே மாதத்தில் செபியுடன் சமரசம் செய்துகொண்டார். குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் செய்யப்பட்ட இச்சமரசத்தின்படி, சமரசத் தொகையுடன் ஏறத்தாழ 6 கோடி ரூபாயையும் செலுத்தவும், ஓராண்டு பங்குச் சந்தையிலிருந்து விலகியிருக்கவும் அவர் தரப்பு இசைந்தது.

"பாப் ஆஃப் சார்ட்" என்னும் பெயரில் வகுப்புகள் நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த இடைக்கால ஆணை, இத்துறையைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவது. மாணவர்களுக்குப் பெருஇலாபம் காட்டி வந்த அவர், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை தம் சொந்த வணிகத்தில் 2.89 கோடி ரூபாய் நட்டமடைந்திருந்ததாக அவ்வாணை கூறுகிறது. வகுப்புக் கட்டணமாகப் பெற்ற 17.2 கோடி ரூபாயை ஒப்படைக்கவும் உத்தரவிடப்பட்டது. அதாவது அவரது வருவாய் சந்தையிலிருந்து அன்று, மாணவர்களிடமிருந்தே வந்தது.

சாதனா பிராட்காஸ்ட் நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப்போவதாக 2022ஆம் ஆண்டில் யூடியூப்பில் பொய்ச் செய்தி பரப்பப்பட்டது. விலை ஏறியபோது, முன்பே பங்குகளை வைத்திருந்தோர் விற்று வெளியேறினர் எனச் செபி கண்டது. இங்கு ஆலோசனை இலவசமாகவே வழங்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

கடந்தகால வெற்றி என்னும் சான்று

முந்தைய கணிப்புகள் பலித்தன என்பதே ஆலோசகர்கள் பெரிதும் காட்டும் சான்று. இதன் வலுவின்மையை எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவர் 3,200 பேரில் பாதிப்பேருக்கு ஒரு பங்கு ஏறும் என்றும், மீதிப்பேருக்கு இறங்கும் என்றும் செய்தி அனுப்புகிறார். சரியான செய்தி பெற்ற 1,600 பேரை மட்டும் வைத்துக்கொண்டு இதையே தொடர்ந்தால், ஐந்தாம் முறைக்குப் பின் 100 பேர் எஞ்சுவர். அந்த நூறு பேரும் ஐந்து கணிப்புகளும் அடுத்தடுத்துப் பலித்ததைத் தம் கண்ணால் கண்டவர்கள். அனுப்பியவருக்கோ பங்குச் சந்தை பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இலாபத்தைக் காட்டும் திரைப்பிடிப்புகளும் இத்தகையவையே. நட்டமடைந்த கணக்குகளை எவரும் வெளியிடுவதில்லை. 2021–22 முதல் 2023–24 வரையான மூன்று நிதியாண்டுகளில், பங்கு சார்ந்த எதிர்கால ஒப்பந்தம், விருப்ப ஒப்பந்தம் ஆகியவற்றில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் எனச் செபியின் ஆய்வு தெரிவிக்கிறது. அவர்களின் மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

சரிபார்த்தல்

பதிவெண்ணைச் செபியின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். எண் மெய்யானதா என்பதோடு நிறுத்திக்கொள்வது போதாது. உண்மையான ஆலோசகரின் எண்ணைப் போலிகள் பயன்படுத்துவதுண்டு என்பதால், அங்குள்ள தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தன்னைத் தொடர்புகொண்டவருடையவைதாமா என ஒப்பிட வேண்டும். பதிவு பெற்ற இடைநிலையாளர்கள் பணம் பெறுவதற்கென "வேலிட்" என்ற சொல் இடம்பெறும் தனி யுபிஐ முகவரிகள் 2025 அக்டோபரில் அறிமுகமாயின.

ஆலோசகர் கட்டணம் பெறலாம். முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்கில் பெறுதல் ஆகாது. பங்கு வாங்கும் பணம் முதலீட்டாளரின் தரகுக் கணக்குக்கும், வாங்கிய பங்கு அவரது டிமேட் கணக்குக்கும் செல்ல வேண்டும். பாசி நிறுவனத்தில் பணம் செலுத்தியோர் இந்த ஒன்றை வைத்தே விலகியிருக்க முடியும்.

பதிவு என்பது ஆலோசனை பலிக்கும் என்பதற்கான சான்று அன்று. விளம்பரங்களில் இதைக் குறிப்பிட வேண்டும் எனச் செபியே விதித்துள்ளது. தவறு நேர்ந்தால் பிடிப்பதற்கு ஒரு பெயரும் முகவரியும் உள்ளன என்பதே அதன் பயன்.

முறையீடு

பதிவு பெற்ற ஆலோசகர் மீதான புகார்களைச் செபியின் "ஸ்கோர்ஸ்" தளத்தில் அளிக்கலாம். இணையவழிப் பண மோசடியை 1930 என்ற தொலைபேசி எண்ணில் உடனே தெரிவித்தால், பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. வைப்புத்தொகை மோசடிகளைத் தமிழ்நாடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான சிறப்பு நீதிமன்றங்கள் சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் உள்ளன.