கோரல் மில்லின் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் புதன்கிழமை வரும். அம்மாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சைடர் வேலை. மில் ஏழு நாளும் ஓடும், மூன்று ஷிப்ட். அதனால் வார லீவு ஆளுக்கொரு நாளாகப் பிரித்துப் போடப்பட்டிருக்கும். அம்மாவுக்குப் புதன். கறி எடுப்பது, தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, ஸ்ரீவில்லிபுத்தூர் சித்தி வீட்டுக்குப் போய்வருவது எல்லாம் புதன்கிழமைதான். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். எனக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமை அம்மா முழு நைட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருப்பாள். வீட்டில் டிவி சத்தம் வைக்கக் கூடாது.

இப்போது நான் வீட்டிலிருந்தே ஒரு சென்னை கம்பெனிக்கு வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு லீவு. 'வீக் எண்ட் என்ன பிளான்' என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் குரூப்பில் கேட்பார்கள். முதல் ஒரு வருஷம் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் தனியாகத் தூத்துக்குடிக்குப் போய்வரலாம் என்று தோன்றியது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கூட யாரு வாரா?" யாரும் இல்லை என்றேன். "அப்ப எதுக்குப் போற?"

நல்ல கேள்விதான். சும்மா கடல் பார்க்க என்று அப்போது சொல்லிவைத்தேன். கோரல் மில்லைப் பற்றிப் படித்திருந்ததும் ஒரு காரணம். வாரத்தில் ஒரு நாள் நமக்குச் சொந்தம் என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோமே, அதற்காக இந்தப் பக்கத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியது தூத்துக்குடியில்தான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று பஸ் மாறி மாறிப் போனேன். சுற்றுவழிதான், ஆனால் எனக்கு அவசரம் இல்லை. மேற்கே மலை பின்னால் போகப் போக மண் கறுக்கிறது. இந்தக் கரிசல்தான் கதைக்கு ஆரம்பம். இங்கே விளைந்த பருத்திக்கு லிவர்பூல் சந்தையில் 'டின்னெவெல்லி' என்று தனிப்பெயரே உண்டு. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்து அங்கிருந்து பஞ்சு வருவது நின்றதும் இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடின. கரிசல் காட்டுப் பருத்திக்குத் திடீரென்று மவுசு வந்தது. மாட்டுவண்டிகளில் பொதி பொதியாகத் தூத்துக்குடிக்குப் போனது. 1876-இல் மதுரையிலிருந்து ரயில் பாதையும் வந்து சேர்ந்தது. தூத்துக்குடியின் முக்கியமான வீதிக்கு கிரேட் காட்டன் ரோடு என்று பெயர் வந்தது இந்தப் பஞ்சால்தான். அந்த வீதிக்கு இன்று வ.உ.சி. பெயர். பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுகிறார்.

பஞ்சை ஏற்றுமதி செய்கிற இடத்திலேயே நூலாக்கினால் என்ன என்று யோசித்தவர்கள் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள். முதலில் பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மில். பிறகு 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில். 1892-இல் மதுரை மில். தென்தமிழ்நாட்டில் 'ஹார்வி மில்' என்றால் எங்கள் தாத்தா தலைமுறைக்குத் தனி மரியாதை. அங்கே வேலை கிடைத்தால் பெண் கொடுப்பார்கள். அந்த மரியாதை பிற்காலத்தில் வந்தது. 1908-இல் கோரல் மில் வேறு மாதிரி இருந்தது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேலை. சிறுபிள்ளைகளும் வேலை செய்தார்கள். கூலி குறைவு, அபராதம் அதிகம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது கிடையாது.

இத்தனைக்கும் சட்டம் இருந்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே மில் தொழிலாளர்களைத் திரட்டிப் பல வருஷம் கேட்டுக் கேட்டு, 1890 ஜூன் 10 அன்று ஞாயிறு விடுமுறையை முதலாளிகளிடமிருந்து வாங்கியிருந்தார். அடுத்த வருஷம் வந்த தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை எழுதப்பட்டது. பதினேழு வருஷம் ஆகியும் அந்தச் சட்டம் கோரல் மில் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

நான் தங்கியிருந்த லாட்ஜிலிருந்து நடக்கும் தூரத்தில் பனிமய மாதா ஆலயம். 1713-இல் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளே இடமில்லை, வெளியே நின்றுதான் பார்த்தேன். பரதவர்கள் 1530-களில் கத்தோலிக்கம் தழுவியவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமலிருப்பது இங்கே பல மீனவக் குடும்பங்களின் வழக்கம். மீனுக்கும் அன்று லீவு. முத்துக்குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து மூச்சடக்கியவர்கள்தான், போர்த்துக்கீசியரிடமும் டச்சுக்காரரிடமும் பங்கைப் பறிகொடுத்தவர்கள்தான். ஆனாலும் ஏழாம் நாள் அவர்களிடம் இருந்தது. அதே ஊரில், ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகும் சமூகத்திலிருந்து வந்த முதலாளிகள் நடத்திய மில்லில் அந்த நாள் இல்லை. பக்திக்கும் லாபத்துக்கும் நடுவே எவ்வளவு உயரமான காம்பவுண்ட் சுவர் எழுப்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வ.உ.சி.யைக் கப்பலோட்டியவராகத்தான் பாடப்புத்தகம் நமக்கு அறிமுகப்படுத்துகிறது. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம், கொழும்புக்கு இரண்டு கப்பல், போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்த வெள்ளைக்காரக் கம்பெனி. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், சினிமாவாகவும் வந்துவிட்டது. கப்பலுக்குப் பக்கத்திலேயே மில் இருந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1908 பிப்ரவரியில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். கேட்க வந்தவர்களில் மில் ஆட்கள் இருந்தார்கள். சுயராஜ்யம் என்ற சொல்லும் கூலி என்ற சொல்லும் ஒரே மேடையில் புழங்கின. அன்றைய காங்கிரஸ் வக்கீல்களில் பலருக்குக் கூலிக்காரர்களோடு சேர்ந்து நிற்பதே கூச்சமாக இருந்த காலம் அது.

பிப்ரவரி 27, வியாழக்கிழமை. கோரல் மில் ஆட்கள் வேலைக்குப் போகவில்லை. கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற லீவு வசதிகள் என்று கேட்டார்கள். நாள் கூலியில் வாழ்கிறவர்கள் வேலையை நிறுத்தினால் அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்பதுதான் முதல் சிக்கல். வ.உ.சி. ஊரில் பணம் திரட்டினார், வேறு வேலைக்கு ஏற்பாடு செய்துகொடுத்தார். ஊரும் கூட நின்றது. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த நாவிதர், பாதியில் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். மீதிப் பாதி முகத்தோடு அந்த மனிதர் எப்படி வீட்டுக்குப் போனார் என்பதைக் கதை சொல்வதில்லை.

ஒன்பது நாள். மார்ச் 6-ஆம் தேதி நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையும் ஒத்துக்கொள்ளப்பட்டது. கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் தன் 'வந்தே மாதரம்' பத்திரிகையில் இந்த வெற்றியைப் பாராட்டி எழுதினார்.

நான் காலண்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு மார்ச் 8. மறுநாள் திங்கட்கிழமை பிபின் சந்திர பால் விடுதலையாவதைக் கொண்டாட ஊர்வலம். தடையை மீறி நடத்தினார்கள். வியாழக்கிழமை, மார்ச் 12, வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். 13-ஆம் தேதி திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். கோரல் மில் ஆட்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள், இந்த முறை கூலிக்காக அல்ல. திலகருக்குத் தண்டனை விதித்தபோது பம்பாய் மில்கள் நின்றதைத்தான் இந்தியாவின் முதல் அரசியல் வேலைநிறுத்தம் என்று பெரும்பாலும் எழுதுவார்கள். அது ஜூலையில். தூத்துக்குடிக்காரர்கள் நான்கு மாதம் முந்தியவர்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' அந்த நாட்களை விரிவாகச் சொல்கிறது; அதற்கு சாகித்ய அகாதமி விருதும் கிடைத்தது.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக்கொடுத்த மனிதர் இரண்டாவது ஞாயிறு வரும்போது சிறையில் இருந்தார். ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை, நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் பட்டயமும் இல்லை. தூத்துக்குடியில் 1936 நவம்பர் 18-இல் செத்தார். அதே 1936-இல்தான் பி.ஏ.சி. ராமசாமி ராஜா எங்கள் ஊரில் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஊருக்கு மில் வேலை என்று ஒன்று வந்தபோது, அது வாரத்துக்கு ஒரு லீவோடு வரவேண்டும் என்ற பேச்சு ஏற்கெனவே பழையதாகியிருந்தது.

எங்கள் ஊரில் மில் சைரனுக்குச் 'சங்கு' என்றுதான் பெயர். "ரெண்டாம் சங்கு ஊதியாச்சு" என்றபடி அம்மா தூக்குவாளியோடு ஓடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் நிஜச் சங்கைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அது ஞாபகம் வந்தது. நான் நினைத்ததைவிட நல்ல கனம். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு காலங்காலமாக வங்காளத்துக்குப் போனது, அங்கே கல்யாணமான பெண்களுக்கு வளையல். சிவகாசிப் பக்கம் வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அகழாய்விலும் சங்கு வளையல்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கடலே தெரியாத கரிசலுக்குள் கடல் அப்படித்தான் வந்திருக்கிறது. ஆண்டாள் கடலைப் பார்த்திருப்பாளா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். நாச்சியார் திருமொழியில் ஒரு பத்து முழுக்கச் சங்கிடம்தான் பேசுகிறாள். கடலில் பிறந்த நீ எங்கே போய் இருக்கிறாய் பார் என்கிற பொறாமை அதில் இருக்கிறது. ஊரைவிட்டுப் போகமுடியாத ஒருத்தியின் பொறாமை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். பக்தர்கள் மன்னிக்கட்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. ஞாயிறு லீவு, அதில் வேலை வாங்கினால் முன்னும் பின்னும் மூன்று நாளுக்குள் ஒரு நாள் மாற்று லீவு என்றும் எழுதியது. என் அம்மாவின் புதன்கிழமை அந்தப் பிரிவிலிருந்து வந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. ஆலைகள் விரும்பினால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிக்கொள்ளலாம், நாலு நாளில் வாரம் முடிந்துவிடும், மூன்று நாள் லீவு என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். என் ஆபீஸ் குரூப்பில் சிலர் குஷியானார்கள். அம்மா, "எட்டு மணி நேரத்துக்கே காலு வீங்குது" என்றாள். ஸ்பின்னிங்கில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கவேண்டும் என்று நிற்கிறவர்களுக்குத்தானே தெரியும். எதிர்ப்பு வலுத்ததும் மே 1 அன்று அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

ஞாயிறு சாயங்காலம் கோவில்பட்டி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். மடியில் மக்ரூன் பொட்டலம், காலடியில் பெரிய பை. உப்பளங்கள் தாண்டும்வரை போனில் இருந்தாள். பிறகு, "தனியாவா வந்தீங்கக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். சொந்தக்காரர்கள் வீடா, கோயிலா, இன்டர்வியூவா என்று வரிசையாகக் கேட்டாள். சும்மா, ஊர் பார்க்க என்றதும் சிரித்தாள். அவள் ஒரு மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறாள். வார லீவு உண்டா என்று கேட்டேன்.

"அதெல்லாம் கரெக்டா விட்டுருவாங்க. ஆனா ஹாஸ்டல்லயேதான் இருக்கணும். வெளிய மாசத்துக்கு ஒரு தடவ, வார்டன் கூட்டிட்டுப் போவாங்க. வீட்டுக்குன்னா அப்பா வந்து கையெழுத்துப் போடணும்."

அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்றேன்.

"துணி துவைப்போம். தூங்குவோம். டிவி இருக்கு."

எட்டயபுரத்தில் கூட்டம் ஏறியது. பொட்டலத்தைப் பிரித்து எனக்கு இரண்டு மக்ரூன் கொடுத்தாள், ரூம்மேட் ஆறு பேருக்கு எண்ணித்தான் வாங்கினேன், பரவால்ல என்றாள். கோவில்பட்டியில் இறங்கியதும் மணி பார்த்தாள். ஒன்பதுக்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டுமாம். நாங்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கமாக வேறு வேறு பஸ்ஸைத் தேடிப் போனோம்.