செக்கும் ஷாவும்

சென்ற மாதம் எனக்கு ஒரு செக் வந்தது. இரண்டு கதைகளுக்கான சன்மானம். அதை நம்பி, பெண்ணுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டிவிடுவதாக வீட்டில் வீறாப்பாகச் சொல்லியும் வைத்திருந்தேன். பாங்கியில் போட்ட செக் போன சுருக்கில் திரும்பி வந்தது. கொடுத்தவர் கணக்கில் பணம் இல்லையாம். திருப்பி அனுப்பிய கூலியையும் என் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

இம்மாதிரிச் சமயங்களில் ஆறுதல் சொல்வதற்கென்றே எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சதுரங்கப் பிரியர். "என்ன ஸார், செக் கொடுப்பதாகச் சொல்லி உங்களுக்கே செக் வைத்துவிட்டார்களே!" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த வார்த்தை மனத்தில் ஒட்டிக்கொண்டது. பணம் தரும் சீட்டுக்கும் செக் என்று பெயர். மேலே போகாதே என்று மறிப்பதற்கும் செக் என்று பெயர். ரயிலில் டிக்கெட்டை 'செக்' பண்ணுகிறார்கள். லாரியை நிறுத்தும் இடம் 'செக்போஸ்ட்'. அப்போது என் தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டுகூடச் 'செக்' துண்டுதான். நம் ஊர் எண்ணெய்ச் செக்கை மட்டும் விட்டுவிடலாம். அது வேறு குலம். பாங்கிக்கும் வீட்டுக்குமாக நான் சுற்றிய சுற்றில்தான் அதற்குச் சம்பந்தம். மற்றவையெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்று பார்க்க அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன்.

ஒரே குடும்பந்தான். மூலபுருஷர் ஒரு ராஜா.

பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையோடு நம் நாட்டிலிருந்து புறப்பட்ட சதுரங்கம், ஆறாம் நூற்றாண்டு வாக்கில் பாரசீகம் போய்ச் சேர்ந்தது. ராஜா அங்கே ஷா ஆனார். எதிராளியின் அரசனைத் தாக்கும்போது 'ஷா!' என்று குரல் கொடுப்பது அங்கே வழக்கம். 'உம்முடைய ராஜாவைக் கவனித்துக்கொள்ளும் ஐயா' என்பது அதன் தாத்பர்யம். அராபியர் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. ஷா பிரெஞ்சுக்காரர் வாயில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'செக்' ஆனார். 'செஸ்' என்ற பெயரே அந்தச் சொல்லின் பன்மைதான். 'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. ராஜா கதியற்றுப் போனார் என்று அர்த்தம்.

ராஜாவுக்கு ஆபத்து என்றால் மற்றக் காரியங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடிவர வேண்டுமல்லவா? ஆகவே 'செக்' என்றால் தடை, நிறுத்தம் என்ற பொருள் ஏற்பட்டது. அரசனைக் குறித்த சொல்லுக்கு 'நில்!' என்று அர்த்தமாகிவிட்டது.

இதில் பணம் எப்போது புகுந்தது? இங்கிலாந்தில் முதலாம் ஹென்றி ஆண்ட காலத்தில் (1100-1135). ஜில்லாதோறும் அரசனுக்காக வரி வசூலிக்கும் ஷெரிப்புகள் வருஷத்தில் இரண்டு முறை வந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும். அதற்காகப் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட ஒரு மேஜை. அதன்மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ஒரு பத்திக்குப் பென்ஸ், அடுத்ததற்கு ஷில்லிங், அப்புறம் பவுன், இருபது பவுன், நூறு, ஆயிரம் என்று வரிசை. வர வேண்டியதற்கு மேலே காய்கள்; வந்ததற்குக் கீழே காய்கள். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது லேசான காரியமல்ல. நம்முடைய பூஜ்யம் அந்தக் கச்சேரிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. எழுத்தறியாத ஷெரிப்பும் தம் பாக்கியைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.

பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் அந்தத் துணிக்கும் மேஜைக்கும் அந்தப் பெயரே வந்தது. மேஜையின் பெயர் இலாகாவுக்கு ஏறி 'எக்ஸ்செக்கர்' ஆயிற்று. பொக்கிஷதாராக இருந்த ரிச்சர்ட் பிட்ஸ்நீல் என்பவர் 1177-ஆம் ஆண்டை ஒட்டி, குருவும் சிஷ்யனும் சம்பாஷிப்பது போல ஒரு நூல் எழுதினார். ஜாடை மட்டும் காரணமல்ல என்கிறார் அவர்; மேஜைக்கு இந்தப் பக்கம் பொக்கிஷதாரும் அந்தப் பக்கம் ஷெரிப்பும் உட்கார்ந்து நடத்துவது சாக்ஷாத் சதுரங்க யுத்தமேதானாம். மனிதருக்கு ஹாஸ்யம் தெரிந்திருக்கிறது. ஆனால் பாக்கி வைத்தால் சிறை என்ற நிலையில், காய்கள் நகருவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஷெரிப்புக்குச் சிரிப்பு வந்திருக்குமா? அவர் நெற்றி வியர்வை எனக்கு நன்றாகத் தெரிகிறது.

பணம் கட்டியதற்கு அத்தாட்சி, வெட்டுக்குறிகள் போட்ட ஒரு குச்சி. அதை நெடுக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். பிறகு சேர்த்துப் பார்த்தால் குறிகள் பொருந்த வேண்டும். இந்த வழக்கம் 1826 வரை நீடித்தது. மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16-ஆம் தேதி பார்லிமெண்டுக் கட்டடத்து அடுப்பில் போட்டு எரித்தார்கள். அன்று மாலையே பார்லிமெண்டும் எரிந்தது! பழைய கணக்கைத் தீர்ப்பதென்றால் இப்படியல்லவா தீர்க்க வேண்டும்!

குச்சி போய்க் காகிதம் வந்த பிறகும் இரண்டு பாதி என்ற யுக்தி போகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்பது நாம் கிழித்துக் கொடுக்கும் சீட்டு அல்ல. கையில் தங்கிவிடும் அடிக்கட்டை. கள்ளச் சீட்டைத் தடுப்பதால் அதற்கு அந்தப் பெயர். ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கு 'செக்' என்று சொல்வதும் இந்தத் தடுக்கும் வேலையிலிருந்து வந்ததுதான். காலப்போக்கில் பெயர் கட்டையிலிருந்து சீட்டுக்குத் தாவிவிட்டது. ஆங்கிலேயர் எக்ஸ்செக்கர் ஞாபகத்தில் அதன் எழுத்தை மாற்றினார்கள். அமெரிக்கர் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். என் துண்டின் கட்டங்களும் அந்தப் பலகையில் பிறந்தவைதாம்.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்ல வேண்டுமென்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பலகையை விரித்துவிட்டார். ஆட்டம் முற்றியதும், "செக்!" என்றார்.

"ஷா என்று சொல்லும்" என்றேன்.

அவர் புரியாமல் விழித்தார். நான் என் ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். கல்லூரிச் சம்பளத்தை அவரிடமே கைமாற்றாக வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். செக்கை மறுபடியும் போட்டிருக்கிறேன்.