கோணிய கழுத்தும் மருத்துவக் கலையும்

புனே நகரில் வாழும் தமிழன்பர்கள் இந்நகரைப் பற்றிய பழைய செய்தியொன்றை அறிந்திருக்கக்கூடும். 1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படையில் எருது வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் மூக்கறுபட்டார். ஏறக்குறைய ஓராண்டு கழிந்தபின், புனேயின் அருகே செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர், நெற்றித் தோலைக் கொண்டே அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். 1794 அக்டோபரில் லண்டன் ஏடொன்று அதனைப் படத்துடன் வெளியிட்டது. அம்முறையைப் பின்பற்றி, கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் சிகிச்சை செய்தார்.

முகத்தின் குறையைத் தீர்க்க வழி தெரிந்த அக்காலத்தில், கழுத்தெலும்பு கோணியவர்க்கு வழியேதும் இல்லை. மூக்கில் கத்தி தவறினால் வடு எஞ்சும். கழுத்தில் தவறினால் உயிரே போகும். இவ்வேறுபாட்டின் காரணத்தை முதலில் காண்போம்.

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. முதலாவது வளையம் போன்றது, தலையைத் தாங்குவது. இரண்டாவதில் பல் போன்ற முனையொன்று எழுந்து அவ்வளையத்தினுள் நிற்கிறது. நாம் தலையைத் திருப்பும் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி இவ்விரண்டின் இடையே நிகழ்கிறது. அம்முனைக்குப் பின்னால் செல்வது தண்டுவடம். பிறவிக் குறையாலோ, காசநோயாலோ, மூட்டு வாதத்தாலோ, விபத்தாலோ இப்பிணைப்புத் தளர்ந்தால் அம்முனை தண்டுவடத்தை நெரிக்கும். கைகால்கள் மரத்து, நடை தள்ளாடி, முடிவில் மூச்சும் தடைப்படலாம்.

இவ்விரு எலும்புகளையும் அசையாது நிறுத்த, மிக்ஸ்டர், ஆஸ்குட் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1910-இல் பட்டு நூலால் கட்டினர். 1939-இல் கனடாவின் காலி உலோகக் கம்பியால் பிணைக்கும் முறையை விளக்கினார். 1959-இல் பெரி, நிக்கல் என்போர், இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துத் தளர்ந்தவர்களுக்கு மண்டையோட்டில் வளையம் பொருத்தித் தலையை நிறுத்தும் முறையை அறிவித்தனர்.

நம் நாட்டில் இந்நோய் அரிதன்று. மும்பையின் நரம்பியல் அறிஞர் நோஷிர் வாடியா, பிறவியிலேயே இம்மூட்டு விலகிய 28 பேரை ஆராய்ந்து 1967-இல் கட்டுரை வெளியிட்டார். பின்னர் அந்நகரின் கே. இ. எம். மருத்துவமனையில் அதுல் கோயல், மூட்டின் இருபுறத்தும் திருகாணிகளைச் செலுத்தித் தகட்டால் இணைக்கும் முறையை 1988-இல் கையாளத் தொடங்கினார். 1994-இல் அவரும் லஹேரியும் அதனை உலகிற்கு அறிவித்தனர். 2001-இல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ், தகட்டுக்குப் பதிலாகத் தண்டைக் கொண்டு அதனை மாற்றியமைத்தார். இன்று அம்முறை இருவர் பெயராலும் வழங்குகிறது.

கோயலின் கருத்தொன்று சிந்தனைக்குரியது. குறுகிய கழுத்தும் சாய்ந்த தலையும் நோயின் உரு மட்டுமல்ல. தளர்ந்த மூட்டைக் காக்க உடல் தானே மேற்கொண்ட ஏற்பாடாகவும் இருக்கலாம் என்பது அது. முன்னர் வாய் வழியே சென்று எலும்பு முனையை அகற்றுவதே பலர்க்கு உரிய சிகிச்சை எனப்பட்டது. அவரோ மூட்டை விரித்து நிலைநிறுத்தும் முறையை 2004-இல் விளக்கினார். நிலைநிறுத்திய பின் பலருடைய கழுத்தின் கோணல் குறைந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். அவர் கருத்தை முழுதும் ஏற்காத மருத்துவரும் உளர்.

இச்சிகிச்சைக்கு விலையும் உண்டு. இணைத்தபின் தலையைத் திருப்பும் ஆற்றல் பெரிதும் குறையும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயும் அவ்விடத்தே செல்வதால், தேர்ந்த கையே அதற்கு வேண்டும்.

ஆதலின், பிள்ளையின் கழுத்து மிகக் குறுகியிருந்தாலோ, தலை ஒருபுறமே சாய்ந்திருந்தாலோ, பெரியவர்க்குக் கை மரத்து நடை தடுமாறினாலோ, அதனைச் சுளுக்கு எனக் கருதிவிடலாகாது. முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கெடுப்பதும், எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுவதும் இத்தகையோர்க்குப் பேராபத்தாக முடியலாம். முதலில் மருத்துவரிடம் காட்டி எலும்பின் நிலையை அறிந்துகொள்வதே நன்று.