வாசல் நாயும் பரண் பூனையும்

நாயும் பூனையும் பிறவிப் பகையாளிகள் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். விருந்துக்கு வந்த உறவினரின் நாயைக் கண்டு வீட்டுப் பூனை முதுகை வளைத்துச் சீறினால், அது அதன் சுபாவம் என்று விட்டுவிடுகிறோம். விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் வட்டாரத்தின் பழைய வீடுகளையும் தோப்புகளையும் சரக்குப் பேட்டைகளையும் கூர்ந்து பார்த்தால், இந்த முடிவுக்கு அவ்வளவு எளிதாக வர முடியாது. இங்கே இரண்டு பிராணிகளும் தலைமுறை தலைமுறையாக ஒரே மனையில் பிழைத்திருக்கின்றன. ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று கால் வைக்காதபடி இடம் பிரிந்து கிடந்ததுதான் அதற்குக் காரணம் என்பது என் துணிபு.

முதலில் நாயை எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரால் உலகறிந்த ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005-ல் தபால்தலையே வெளியிட்டது. வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்தெடுத்த நாய் இது. கரிசல் காட்டில் முயல் விரட்டிய சிப்பிப்பாறை நாயும் இதே வகைதான். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் நாய்கள் இவை. கண்ணெதிரே எது ஓடினாலும் கால் தானாகவே துரத்தக் கிளம்பிவிடும். ராஜபாளையம் நாயை, பாளையக்காரர் போர்களில் வெள்ளையரின் குதிரைகளைக் கடித்துக் குதறிய நாய் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தக் கதையைவிட, மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் இரவு முழுக்கச் சுற்றிவந்த அதன் அன்றாட வேலைதான் நம் கேள்விக்குப் பயன்படும். அதன் இடம் வெளியே இருந்தது. வீட்டுக்கு வந்தாலும் வாசலோடு சரி. தீட்டு என்ற எண்ணமும் சேர்ந்து, திண்ணையைத் தாண்டி நாயை உள்ளே விட்டதில்லை.

பூனையின் கதை வேறு. 1923 வரை விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட விருதுநகர், பருத்திக்கும் மிளகாய்க்கும் மல்லிக்கும் பருப்புக்கும் பேர்போன சந்தை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்து, மாட்டு வண்டிகளையும் சரக்கையும் பத்திரப்படுத்தினார்கள். தானியம் குவிந்த இடத்துக்கு எலி வரும். எலி வந்தால் பூனையை யாரும் அழைக்க வேண்டியதில்லை. வீடுகளிலும் அப்படித்தான். தானியக் குலுக்கையில் கம்பும் சோளமும் இருந்தவரை பூனைக்கு அடுப்படி வரை போக உரிமை இருந்தது. பயணம் கிளம்பும்போது குறுக்கே வந்தால் சகுனத்தடை என்று திட்டு வாங்கிய அதே பூனைதான் இரவில் குலுக்கைக்குக் காவல். பகலில் அது பரணில் தூங்கும். மச்சு வழியாக ஓட்டின் மேல் ஏறி அடுத்த வீட்டுக்குப் போகும். தரை அதற்குப் பல பாதைகளில் ஒன்று மட்டுமே.

அந்த வீடுகளைக் கட்டியவர்கள் பூனையின் மனசை நினைத்தா கட்டினார்கள் என்று கேட்கலாம். இல்லைதான். பரண் விறகுக்கும் வெண்கலப் பாத்திரத்துக்கும், மச்சு சாமானுக்கும் கட்டியவை. ஆனால் யாருக்காகக் கட்டியிருந்தாலும் விளைவு ஒன்றே. கூட்டமாக வேட்டையாடிய ஓநாயின் வழிவந்தது நாய்; தனியே வேட்டையாடிய காட்டுப்பூனையின் வழிவந்தது பூனை. கூட்டாளி இல்லாத பிராணிக்கு அதன் எல்லைதான் துணை. கன்னத்தையும் விலாவையும் தூணிலும் கதவு நிலையிலும் உரசி அது தன் வாசனையைப் பூசிவைப்பது அதற்காகவே. அந்த வாசனையின் நடுவே வேறொரு மணம் வந்து உட்கார்ந்தால் அது கலங்குகிறது. உயரத்துக்குத் தாவ வழி இருந்தால் அது ஓட வேண்டியதில்லை. பூனை ஓடாவிட்டால் நாய்க்குத் துரத்தும் வெறியும் எழுவதில்லை. அந்தக் கேள்வியைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. அந்தக் காலத்திலும் இரவில் அவிழ்த்துவிட்ட நாயிடம் சிக்கிச் செத்த பூனைகள் இருந்திருக்குமே? இருந்திருக்கும்தான். தோப்பின் வெட்டவெளியில், ஏற மரமும் கிட்டாத இடத்தில், வேட்டை நாயின் வேகத்துக்குப் பூனை ஈடு கொடுக்க முடியாது. எல்லை குலைந்த இடத்தில்தான் அந்தச் சாவு நேர்கிறது என்பதால், இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது.

இன்றைய கான்கிரீட் வீட்டில் பரணும் இல்லை, ஓடும் இல்லை. நாய் ஹாலுக்கே வந்துவிட்டது. உறவினர் நாயோடு வந்து இறங்குவதோ பெரும்பாலும் தீபாவளிக்கு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்பதே பட்டாசுக்கு அரசு 1999-ல் வைத்த வரம்பு. நாயைவிடவும் நுண்ணிய செவி பூனைக்கு. வெடிச்சத்தத்தில் ஏற்கெனவே நடுங்கும் பூனையை அதே நாளில் ஒரு அந்நிய நாய்க்கு முன்னால் தூக்கி நிறுத்துவது கொடுமை. ராஜபாளையம் நாய் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முழு வெள்ளை நாய்களில் சில, பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றுக்குப் பூனையின் சீறல் எட்டாது. எச்சரிக்கை எட்டாததால் நேரே முகத்தில் நகம் பாயும்.

ஆகவே பழைய வீட்டின் பிரிவினையைப் புது வீட்டில் நாமேதான் செய்து தர வேண்டும். இரண்டு மூன்று நாள் விருந்து என்றால் இரண்டையும் சந்திக்கவைக்கவே வேண்டாம். பூனையை உள்ளறை ஒன்றில் விட்டு, சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் போதும்; நாய்க்கு முன்பக்கம். வாரக்கணக்கில் தங்குவதானால், நாய் படுத்த துணியைப் பூனையின் அறையிலும் பூனை படுத்த துணியை நாயின் பக்கத்திலும் முதலில் போட்டு, மணம் பழகட்டும். பிறகு கிரில் கதவுக்கு அப்பால், கயிற்றில் பிடித்தபடி நாயைக் காட்டலாம். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு காட்டக் கூடாது. பீரோவின் மேலோ அலமாரியின் மேலோ அதுவாக ஏறிக்கொள்ள வழி இருக்க வேண்டும். நாய் கண் கொட்டாமல் முறைத்தால் உடனே திருப்பிக் கூட்டிப்போக வேண்டும். பூனை வாலை விசிறினால் அது நாயின் வாலாட்டல் போல மகிழ்ச்சியல்ல, எரிச்சல். அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.