மண்ணீரலில் இறங்கிய ஊசி

காலா அசார் காய்ச்சலின் கிருமிக்கு 1903 நவம்பரில் ரொனால்ட் ராஸ் வைத்த பெயர் லெய்ஷ்மேனியா டோனோவனி. அதைக் கண்ட இருவருக்கும் பாதிப் பாதியாகப் பாகம் பிரித்துக் கொடுத்த பஞ்சாயத்துத் தீர்ப்பு அது. (சில ஆண்டுகளுக்கு முன் அசாமில் இதே நோயை ஆராய்ந்துவிட்டு, மலேரியாவின் ஒரு வகைதான் என்று சொன்னவரும் ராஸ்தான்!) ஆனாலும் ராணுவ மருத்துவர் வில்லியம் லெய்ஷ்மன் முந்திக் கண்டவர், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் டோனோவன் பின்னால் வந்து ஆமோதித்தவர் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. தேதிகளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இருவரும் எதை நிரூபித்தார்கள் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது.

கல்கத்தாவை அடுத்த டம்டமில் காய்ச்சல் கண்டு இங்கிலாந்துக்குத் திரும்பிய சிப்பாய் ஒருவர், 1900இல் நெட்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அவருடைய மண்ணீரலைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிய லெய்ஷ்மன், இரண்டு மூன்று மைக்ரான் அளவில் முட்டை வடிவப் பொருள்களைக் கண்டார். ஒவ்வொன்றினுள்ளும் பெரிதாக ஒரு வட்டம், பக்கத்திலேயே குச்சிபோல் சிறிதாக இன்னொன்று. அவை என்னவென்று புரியாமல் மூன்று ஆண்டுகள் போயின. டிரிபனோசோம் என்ற ஒட்டுண்ணி தொற்றிச் செத்த வெள்ளெலியின் உடலிலும் அதே மாதிரி உருவங்களைப் பார்த்த பிறகுதான், சாவுக்குப் பின் சிதைந்த டிரிபனோசோம்களாக இருக்கலாம் என்று 1903 மே மாதம் எழுதினார். அப்போதும் அது யூகம்தான். பிணத்தில் மட்டுமே கண்ட ஒன்றை ஒட்டுண்ணி என்று எப்படி அடித்துச் சொல்வது?

அந்தச் சிக்கலை அவிழ்த்தது சென்னை. ஏப்ரலிலேயே டோனோவனும் இறந்தவர்களின் மண்ணீரலில் இவற்றைப் பார்த்திருந்தார். லெய்ஷ்மனின் கட்டுரை வெளிவந்த பின், ஜூன் மாதத்தில், விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்த, இரத்தத்தில் மலேரியாக் கிருமி இல்லாத 12 வயதுச் சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி இரத்தம் எடுத்தார். அதிலும் அதே உருவங்கள். உயிரோடிருக்கும் உடலில் இருப்பதைச் சாவுக்குப் பின் நேர்ந்த சிதைவு என்று சொல்ல முடியாது. அதுவரை கொய்னா கொடுத்தும் கேட்காத காய்ச்சல் என்று கைவிடப்பட்ட நோயை, நோயாளி பிழைத்திருக்கும்போதே அடையாளம் காண வழி பிறந்தது அந்த ஊசியில்தான்.

லெய்ஷ்மன் எழுதியிராவிட்டால் டோனோவன் அந்த ஊசியை எடுத்திருப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எடுத்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கிருமியின் குடும்பத்தைப் பற்றிய லெய்ஷ்மனின் யூகமும் வீணாகவில்லை. டோனோவன் அனுப்பிய தகடுகளைப் பாரிஸில் பார்த்த ஒட்டுண்ணி ஆய்வாளர் லாவெரான், அவற்றில் இருந்ததைப் பைரோபிளாஸ்மா என்ற வேறோர் ஒட்டுண்ணி இனமாகத் தவறாக வகைப்படுத்தினார். 1904இல் கல்கத்தாவில் மருத்துவர் லெனார்ட் ராஜர்ஸ் அந்தக் கிருமியை வளர்த்தபோதோ கசையிழை முளைத்து, டிரிபனோசோமின் உறவு என்பது உறுதியாயிற்று. ஆக, கிருமி எந்த இனம் என்பதில் லெய்ஷ்மனுக்கே வெற்றி. நோய்க்குக் காரணம் இதுதான் என்ற வழக்கில் சாட்சியம் டோனோவனுடையது. வீங்கிய மண்ணீரலில் குத்தினால் உள்ளே இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும் உண்மை; அதனால்தான் பிற்காலத்தில் பலர் எலும்பு மஜ்ஜைக்கு மாறினார்கள். கிருமியைத் தப்பாமல் பிடிப்பதில் மட்டும் மண்ணீரல் ஊசியை மஜ்ஜை ஊசி இன்றுவரை மிஞ்சவில்லை.